வராத இரண்டாம் வாரம்

போன மாதம் சென்னையிலிருந்து இரண்டு இளைஞர்கள் என்னைத் தேடிக் கோவில்பட்டிக்கு வந்தார்கள். இருவரும் தொலைக்காட்சித் தொடர்களுக்கு எழுதுகிறவர்கள். மாயக் கதை ஒன்றுக்கு பைலட் எழுதும் வேலை அவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. பைலட் என்பது, ஒரு தொடரை வாங்கலாமா வேண்டாமா என்று சேனல்காரர்கள் முடிவு செய்வதற்காக முன்கூட்டியே எடுத்துக் காட்டும் முதல் பகுதி.

“சார், நீங்க எழுதின முதல் பைலட்டைப் பத்தி ஜெயந்தி மேடம் இன்னமும் எல்லார்கிட்டயும் சொல்றாங்க. அந்தக் கடைசிக் காட்சியை எப்படிப் பிடிச்சீங்க?” என்று ஒருவர் கேட்டார்.

நான் அவர்களுக்குக் காபி கொடுத்தேன். தாளை எப்படி மடிப்பது, விளம்பர இடைவேளைக்கு முன்னால் காட்சியை எங்கே வெட்டுவது என்பதையெல்லாம் சொன்னேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை. அவர்கள் பஸ் ஏறிப் போன பிறகு அது மனதை அறுத்துக்கொண்டே இருந்தது. அவர்களிடம் சொல்லாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் தமிழ் எம்.ஏ. படித்தவன். வாத்தியார் வேலை கிடைக்கவில்லை. கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆலையின் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, நாற்பது வயது தாண்டும் வரை அங்கேயே இருந்தேன். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஆண்டுக்கொரு நாடகம் எழுதுவேன். ஆலை முதலாளி தங்கராஜ் அண்ணாச்சி முன்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார். வில்லன் சாகும்போது எழுந்து நின்று கைதட்டுவார்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கெல்லாம் கேபிள் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாயக் கதைத் தொடர் போடுகிற நேரத்தில் கடைத்தெரு வெறிச்சோடிப் போகும். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி என்னை வீட்டுக்குக் கூப்பிட்டு அனுப்பினார்.

“ஏ தமிழய்யா, ஊருல அம்புட்டுப் பேரும் அந்த மந்திரவாதியப் பாத்துக்கிட்டு வாயப் பொளந்து கெடக்கான். நாம ஒரு மந்திரவாதிய எறக்குனா என்னவே?”

“அதுக்குக் கதை வேணுமே அண்ணாச்சி.”

“அதுக்குத்தான ஒம்ம வச்சிருக்கேன்? கணக்கு எழுதுத கை கதை எழுதாதா? ஆனா ஒண்ணு. பேய் வெளக்குப் பொருத்துத எடத்துல நம்ம தீப்பெட்டிய நல்லா பெருசாக் காட்டணும், சொல்லிட்டேன்.”

பேய்க்கு எதற்குத் தீப்பெட்டி என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்த ஒருவர் மூலம் சென்னையில் ஒரு சிறிய தயாரிப்புக் குழு ஏற்பாடாயிற்று. இயக்குநராக வந்தவர்தான் ஜெயந்தி. முப்பது வயதுகூட இருக்காது. என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். என்னை ‘சார்’ என்பார். நான் ‘மேடம்’ என்பேன். ஆனால் முதல் நாளிலேயே யார் மேலதிகாரி என்பதில் சந்தேகம் இல்லாமல் போய்விட்டது.

ஆலையின் விருந்தினர் அறையில் தரையில் பாய் விரித்து உட்கார்ந்தோம். நான் இரண்டு வாரம் உழைத்து எழுதிக்கொண்டு போன முதல் பிரதியில் ஏழு கடல் தாண்டிய ஒரு தீவு இருந்தது. பறக்கும் கம்பளம் இருந்தது. அரசவை இருந்தது. எல்லோரும் செந்தமிழில் பேசினார்கள். ஜெயந்தி பக்கத்தில் ஒரு கிண்ணம் பொரிகடலையை வைத்துக்கொண்டு அதைச் சத்தமாகப் படித்தார். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. ரயில் நிலையத்தில் அறிவிப்புப் படிப்பதுபோல அரசனையும் அரசியையும் ஒரே குரலில் படித்தார். என் வசனங்கள் ஒவ்வொன்றாகச் செத்து விழுவது எனக்கே கேட்டது.

படித்து முடித்துவிட்டு, “சார், இந்த மந்திரவாதி யாரைப் பாத்தா பயப்படுவான்?” என்றார்.

“மந்திரவாதி எதுக்கு மேடம் பயப்படணும்?”

“அப்ப நாங்க எதுக்கு அவனைப் பாக்கணும்?”

அவ்வளவுதான் அவருடைய விமர்சனம். தாள்களை அடுக்கி என்னிடமே திருப்பித் தந்தார்.

தொழிலை அடுத்த சில வாரங்களில் கற்றுக்கொண்டேன். ஒரு தாளை நெடுக்காக மடித்துப் பிரித்தால் நடுவில் ஒரு கோடு விழும். இடப்பக்கம் கண்ணுக்குத் தெரிவது, வலப்பக்கம் காதுக்குக் கேட்பது. இரண்டிலும் ஒன்றையே எழுதினால் அது வீண். “அவள் அழுகிறாள்” என்று இடப்பக்கம் எழுதிவிட்டு “ஐயோ, அழுகை வருகிறதே” என்று வலப்பக்கம் எழுதுகிறவனாகத்தான் நான் இருந்தேன்.

காட்சியை முதலில் மாயம் இல்லாமல் எழுதச் சொல்வார். அப்படியே அது நிற்கிறதா என்று பார்ப்பார். நின்றால்தான் மாயத்தைச் சேர்க்க விடுவார். மாயத்துக்குச் சட்டம் வேண்டும் என்பார். அது என்ன செய்யும், என்ன செய்யாது, ஒவ்வொரு முறையும் அதற்கு என்ன விலை என்று தனியாக ஒரு தாளில் எழுதி முடித்த பிறகுதான் கதையைத் தொடலாம். விலை கேட்காத மாயம் வாண வேடிக்கை மாதிரி, பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள் என்பார். எங்கள் கையில் இருந்த தந்திரங்களும் மிகக் குறைவு. ஆள் மறைய வேண்டுமென்றால் கேமராவை இம்மியும் அசைக்காமல் வைத்து, நடிப்பவரை வெளியே போகச் சொல்லிவிட்டு, அதே இடத்தை வெறுமையாக மறுபடி எடுத்து ஒட்ட வேண்டும். அதனால் எழுதும்போதே அந்த இடத்தில் காற்றில் ஆடுகிற செடியோ நடமாடுகிற கோழியோ இல்லாமல் எழுதவேண்டும்.

நன்றாக இருக்கிறது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. பிடித்திருந்தால் பொரிகடலையை மெல்வதை நிறுத்திவிட்டு “அப்புறம்?” என்று கேட்பார். கேட்காவிட்டால் அந்தப் பக்கம் செத்தது என்று அர்த்தம். நான் எழுதிய மூன்று பிரதிகளுக்கும் ஒரு ‘அப்புறம்’கூட விழவில்லை. அலுவலகத்தில் கூட வேலை பார்த்தவர்கள், “என்ன அய்யா, மந்திரவாதி இன்னும் கருவுலதான் இருக்கானா?” என்று கேலி செய்ய ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒருநாள் இடம் பார்ப்பதற்காகக் கழுகுமலைப் பக்கம் போயிருந்தோம். தண்ணீர் குடிக்க ஒரு வீட்டுக்குள் போனபோது, உள்ளே தென்மேற்கு மூலையில் உத்தரத்திலிருந்து தொங்கிய ஓர் ஓலைப்பெட்டியை ஜெயந்தி பார்த்தார். வெளியே வந்ததும் அது என்ன என்று கேட்டார்.

எங்கள் பக்கத்தில் கல்யாணமாகாமல் இறந்துபோன பெண்பிள்ளை அந்த வீட்டுக்குக் கன்னித் தெய்வமாகிவிடும். அவளுக்குப் புதுத்துணி எடுத்து ஓலைப்பெட்டிக்குள் வைத்துக் கன்னிமூலையில் தொங்கவிடுவார்கள். பொங்கலுக்கு மறுநாள் பெட்டியை இறக்கி, பழைய துணியை எடுத்துவிட்டுப் புதியதை வைத்துக் கும்பிடுவார்கள். அப்போது சில வீடுகளில் யார் மேலாவது அருள் வந்து அந்தப் பெண் இரண்டு வார்த்தை பேசுவாள். இதையெல்லாம் சொன்னேன்.

ஜெயந்தி நடப்பதை நிறுத்தினார்.

“அப்புறம்?”

முதல் முறையாக அந்தச் சொல் எனக்குக் கிடைத்தது. வெயிலில் நின்றுகொண்டே சொல்லிக்கொண்டு போனேன். எங்கள் அக்கா வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கிறது என்றேன். அப்புறம் என்றார். என் அக்கா மகள் கோமதிதான் அது, பருத்தி எடுக்கப் போன இடத்தில் பாம்பு கடித்துவிட்டது, பன்னிரண்டு வயது என்றேன். அப்புறம் என்றார். நான் நிறுத்தியிருக்க வேண்டிய இடம் அது.

கோமதி இறந்த அன்று பெரியாஸ்பத்திரி வராந்தாவில் அக்காவும் நானும் மட்டும் இருந்தோம். அத்தான் வண்டி பேசப் போயிருந்தார். அக்கா அழவில்லை. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

“காலையிலேயே தல கனக்கும்மான்னா. மழ வரப்போவுது, வெடிச்ச பருத்தி நனஞ்சுரும், இன்னைக்கு ஒரு நா போயிட்டு வாட்டின்னு நாந்தாம்ல அனுப்புனேன். போவ மாட்டேன்னுதான் நின்னா. நாந்தான் அனுப்புனேன். இத யார்ட்டயும் சொல்லிராதய்யா. அத்தான்ட்ட கூட.”

நான் யாரிடமும் சொல்லவில்லை, அந்த வெயிலில் ஜெயந்தியிடம் சொல்லும் வரை.

அவர், “அந்தப் பொண்ணு திரும்பி வந்தா அம்மாகிட்ட என்ன கேப்பா சார்?” என்றார்.

அன்று மாலையே எழுத உட்கார்ந்தேன். கை தானாக ஓடியது. மந்திரவாதி ஒருவன் ஒரு வீட்டுக் கன்னிப்பெட்டியைத் திருடப் பார்க்கிறான். பெட்டியில் உள்ள உடுப்பை வைத்திருப்பவனுக்குக் கரிசல் வெடிப்புகளுக்கு அடியில் உள்ள புதையல் கண்ணுக்குத் தெரியும். பெட்டி திறந்ததும் அதிலிருந்து பொன்னி என்ற சிறுமி எழுந்து வருகிறாள். சட்டத் தாளில், அவள் ஒருமுறை பேசினால் கையில் ஒரு வளையல் உடையும் என்று எழுதினேன். வளையல் தீர்ந்தால் பேச்சும் தீர்ந்தது. கதை முழுக்க அவள் ஒவ்வொரு வளையலாகச் செலவழித்து வீட்டைக் காப்பாற்றுகிறாள். கடைசியில் ஒரே ஒரு வளையல் மிஞ்சுகிறது. மந்திரவாதி வாசலுக்கு வந்துவிட்டான். அம்மாவை எச்சரிக்க வேண்டும். ஆனால் அவள் அம்மாவின் முன்னால் நின்று, “தல கனக்குன்னு சொன்னேனம்மா. ஏன் என்னய அனுப்புன?” என்று கேட்கிறாள். வளையல் உடைகிறது. அவள் மறைந்துவிடுகிறாள். அம்மாவின் முகம். அத்துடன் முடிகிறது.

முதல் பகுதியைக் கேள்வியில் முடிக்க வேண்டும், பதிலை அடுத்த வாரத்துக்கு வைக்க வேண்டும் என்பது தொழிலின் பாடம். நான் பாடத்தைச் சரியாகப் படித்திருந்தேன்.

ஜெயந்தி அதையும் அதே தட்டையான குரலில்தான் படித்தார். கடைசிப் பக்கத்தில் மட்டும் குரல் நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “சார், உங்க அக்காகிட்ட இதைக் கேட்டுட்டீங்களா?” என்றார்.

“இது எங்க ஊர்ல எல்லா வீட்லயும் உள்ள கதைதான் மேடம்” என்றேன்.

பொய். கன்னிப்பெட்டி எல்லா வீட்டிலும் உண்டு. அந்தக் கேள்வி ஒரே ஒரு வீட்டில்தான் இருந்தது. அக்காவிடம் கேட்டால் அவள் வேண்டாம் என்பாள், எனக்கு அந்தக் காட்சி போய்விடும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. மறந்துவிட்டேன், அவள் தவறாக நினைக்கமாட்டாள் என்று இருந்தேன் என்றெல்லாம் சொல்லிக்கொள்ள எனக்கு இடமில்லை.

அண்ணாச்சியின் புஞ்சையில் வைத்தே எடுத்தோம். மந்திரவாதியாக வந்த நடிகருக்குச் செம்பட்டைத் தாடி ஒட்டியிருந்தார்கள். கரிசல் வெக்கையில் பசை இளகி, தாடி வசனத்தின் நடுவில் கீழே இறங்கும். வேடிக்கை பார்க்க வந்த பெண்கள், “ஏட்டி, மந்திரவாதிக்கு மீச தொண்டைக்கு வந்துட்டு” என்று சிரிப்பார்கள். பேய் தீக்குச்சி உரசும் காட்சியை அண்ணாச்சி விடாப்பிடியாக எடுக்க வைத்தார். பொன்னியாக நடித்தது சென்னையிலிருந்து வந்த ஒரு நாடகக் குடும்பத்துப் பெண். அந்தக் கடைசிக் கேள்வியை அவள் கேட்டபோது சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் அடங்கிப்போனார்கள். ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எனக்கு அப்போது ஏற்பட்டது பெருமை மட்டும்தான்.

சேனல் அதை வாங்கவில்லை. பேய் பயமுறுத்தவில்லை, அழ வைக்கிறது என்று சொல்லிவிட்டார்களாம். அண்ணாச்சிக்குக் கோபம் தாங்கவில்லை. “அவன் வாங்காட்டா போறான். நம்ம சனம் பாக்கட்டும்வே” என்று கேசட்டைக் கேபிள்காரரிடம் கொடுத்துவிட்டார். பொங்கலன்று மத்தியானம் கோவில்பட்டியிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் அது ஓடியது. கொடுத்ததை எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தடுத்திருப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். தடுத்திருப்பேன் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து அக்கா ஆள் விட்டாள். கழுகுமலை பஸ்ஸில் ஏறி, ஊருக்குப் பாதை பிரியும் விலக்கில் இறங்கி நடந்தேன். போகிற வழியில் தொழுவத்தில் நின்ற ஒரு பெண்ணின் குரல் காதில் விழுந்தது.

“பெத்தவளே அனுப்பி வச்சாளாம்லா. இத்தன நாளு மூச்சு விட்டாளா பாரு.”

எழுதியவன் என்று திரையில் என் பெயர் வந்திருந்ததால், அதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டிருந்தது. அக்கா என்னை அடிப்பாள், இல்லை காலமெல்லாம் பேசமாட்டாள் என்று நினைத்துக்கொண்டு படியேறினேன். அக்கா ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்தாள். முகத்தில் அப்படி ஓர் ஒளி. மகள் போன பிறகு அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை.

“எய்யா, அவ ஒங்கிட்டயா வந்தா?”

எனக்கு விளங்கவில்லை.

“எல்லாரு வீட்டுக் கன்னியும் வந்து பேசுது, எம்மவ மட்டும் வாயத் தொறக்க மாட்டேங்காளேன்னு எத்தன நாளு பொலம்புனேன். மாமங்கிட்டப் போயிருக்கா பாரேன். ஒங்கிட்டதான அவளுக்குச் செல்லம். அச்சு அசலா அதே வார்த்த. தல கனக்கும்மா. அவ சொல்லாம ஒனக்கு எப்படித் தெரியும்?”

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளே என்னிடம் சொன்னது அவளுக்கு நினைவில்லை. அந்த நாளின் பெரும்பகுதி அவளுக்கு நினைவில்லை.

“ஊருல என்னமும் பேசிட்டுப் போறாவ. கேட்டது எம்மவல்லா? கேக்கட்டும். கேக்க வேண்டியதுதான. மிச்சத்த என்னைக்குப் போடுவாவ?”

“எதை?”

“அடுத்த வாரம்னு கடைசியில எழுத்துல போட்டாவளே. நான் பதிலு சொல்லணும்லா. அவ திரும்ப என்ன சொல்லுதான்னு கேக்கணும்லா.”

அத்தான் மூலையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு மனைவி சொல்லாமல் வைத்திருந்ததைத் தொலைக்காட்சி சொல்லியிருந்தது. அந்த இடத்தில் உண்மையைச் சொல்ல இரண்டு வார்த்தை போதும். நான் எழுதியது, அவ்வளவுதான். அக்காவின் முகத்தைப் பார்த்தேன்.

“போடுவாங்கக்கா” என்றேன்.

அந்த ஆண்டே ஜெயந்தி என்னைச் சென்னைக்கு அழைத்துக்கொண்டார். அந்தக் கடைசிக் காட்சியைப் பார்த்தவர்கள் வேலை கொடுத்தார்கள். தொடர்ந்து எழுதினேன். மாமியார் மருமகள் கதைகள், பாம்புக் கதைகள், அம்மன் கதைகள் என்று எத்தனையோ. நல்ல பெயரும் எடுத்தேன். என்னுடைய தொழில் முழுவதும் அக்காவின் அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் நின்றது.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் அக்கா கேட்பாள், “இந்த வருசமாவது போடுவாவளா?” நான் ஏதாவது சொல்வேன். சேனல் மாறுகிறது, அந்த நடிகைக்குக் கல்யாணம், இப்படி. மாதா மாதம் வசூலுக்கு வரும் கேபிள்காரரிடமும் அவள் கேட்பாள். அவர் அலுத்துப்போய், “ஒங்க தம்பிட்டக் கேளுங்கம்மா, அவியதான எழுதுதாவ” என்பாராம்.

இதைவிடக் கொடுமை ஒன்று நடந்தது. கன்னிப்பெட்டிக்குள் அக்கா வளையல் வைக்கத் தொடங்கினாள். வளையல் தீர்ந்ததால்தான் கோமதி அன்றைக்கு மேற்கொண்டு பேசவில்லை என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. ஆண்டுக்கு ஆண்டு கூடுதலாக வாங்கி வைத்தாள். அக்காவைப் பார்த்து அந்தத் தெருவில் மற்ற வீடுகளிலும் கன்னிக்கு வளையல் வைக்க ஆரம்பித்தார்கள். ஒரு மத்தியானம் விருந்தினர் அறைப் பாயில் உட்கார்ந்து, மாயத்துக்கு விலை வேண்டுமே என்று நான் யோசித்துப் போட்ட சட்டம் அது. அதை ஊர் காலங்காலமாக இருந்த வழக்கம்போலக் கடைப்பிடித்தது. சென்னையில் உட்கார்ந்து எத்தனையோ பொய்த் தெய்வங்களைப் படைத்திருக்கிறேன். அவற்றில் ஒன்றைக்கூட யாரும் நம்பியிருப்பார்கள் என்று நினைக்கவில்லை. இதை நம்பினார்கள்.

அத்தான் இறந்தார். நானும் வேலையை விட்டுவிட்டுக் கோவில்பட்டிக்கே திரும்பி வந்தேன். வந்த முதல் பொங்கலன்று மத்தியானம் அக்கா வீட்டில் இருந்தேன். மறுநாள் பூசை. அக்கா பெட்டியை இறக்கி, உள்ளிருந்த வளையல்களை ஒரு சுளகில் கொட்டி, ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். பச்சையும் சிவப்புமாகச் சுளகு நிறைந்திருந்தது.

“எய்யா, எனக்கும் முன்ன மாதிரி முடியல. நான் போறதுக்குள்ள அந்த மிச்சத்த ஒரு தடவ போடச் சொல்லேன். ஒனக்குத்தான் அங்கன எல்லாரையும் தெரியுமே.”

“அக்கா, அவ எங்கிட்ட வரல.”

“யாரு?”

“கோமதி. அவ வந்து ஒண்ணும் சொல்லல. ஆஸ்பத்திரியில வச்சு நீதான் எங்கிட்டச் சொன்ன. அத நான் எடுத்து எழுதிட்டேன். ஒங்கிட்டக் கேக்காம எழுதிட்டேன்.”

அவள் கை நிற்கவில்லை. துடைத்த வளையலை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

“வளையலு?”

“அதுவும் நான் எழுதுனதுதான்.”

எடுத்ததைத் துடைக்காமல் சுளகிலேயே வைத்தாள். கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். கோபப்பட்டால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

“கோவமாவாது ஒரு வார்த்த பேசுனாளேன்னு இருந்தேன்ல” என்றாள். “இப்ப அதுவும் இல்லன்னு சொல்லுத.”

ஈரத்துணியை மடித்துச் சுளகின் ஓரத்தில் வைத்தாள்.

“இத்தன வருசம் சும்மா இருந்துட்டு இப்ப எதுக்குச் சொல்லுத?”

“பொறுக்க முடியலக்கா.”

“ஒனக்குப் பொறுக்கல” என்றாள்.

எழுந்து புறவாசலுக்குப் போய்விட்டாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் சத்தம் கேட்டது. வாளியைக் கவிழ்க்கும் சத்தம் கேட்டது. கிளம்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். அவள் திரும்பி வந்து சுளகுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். முகத்தைக் கழுவியிருந்தாள்.

“கேள்விய எழுதத் தெரிஞ்சவனுக்கு, அன்னைக்கே பதிலையும் எழுதிப் போட என்ன கேடு?”

“அவ என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியலக்கா.”

“எத்தன பேருக்கு எழுதிருக்க. இப்பச் சொல்லு. அவ என்ன சொல்லுவா?”

விளையாட்டாகக் கேட்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லிப் பார்த்தேன்.

“‘எம்மா, நீ என்ன செய்வ? ஒம்மேல ஒரு தப்பும் இல்ல.’”

“இது டிவியில பேசுதவ. எம்மவ இல்ல.”

“‘எனக்கு இங்கன ஒரு கொறையும் இல்ல. நீ நல்லா இருக்கணும்.’”

“ஏலே, இது சாமியாடி பேசுதது. பன்னெண்டு வயசுப் பிள்ள இப்படியா பேசும்?”

“‘நான் ஒன்ன மன்னிச்சுட்டேம்மா.’”

அக்கா சிரித்துவிட்டாள். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருக்க, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “மன்னிச்சுட்டாளாம். அவளுக்கு அந்த வார்த்தையே தெரியாதுல. படிச்சவன்னு ஒனக்குச் சம்பளம் வேற குடுத்திருக்கான் பாரு.”

எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு இருவரும் நிறுத்திவிட்டோம். அக்கா மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டு, அடுப்படி வாசலைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்.

“அவ கேள்வியே கேக்க மாட்டா. கோவமெல்லாம் அவளுக்குக் கம்மாக்கரை தாண்டங்குள்ள போயிரும். வந்ததும் வராததுமா சட்டியத் தொறந்து பாத்து, ‘என்ன கொழம்பும்மா’ம்பா. அவ்வளவுதான்.”

“நீ என்ன சொல்லுவ?”

“கத்தரிக்காயும் கருவாடும்பேன். மூஞ்சியச் சுழிப்பா. அப்பளம் பொரிச்சுக் குடுத்தாத்தான் உக்காருவா.”

சொல்லிவிட்டு அதையே யோசித்தபடி இருந்தாள். அதற்குமேல் அன்று அதைப்பற்றி நாங்கள் பேசவில்லை. என்னை மன்னித்துவிட்டதாக அவள் சொல்லவில்லை. இதுவரையிலும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

மறுநாள் பூசைக்குப் போயிருந்தேன். பெட்டிக்குள் புதுப்பாவாடையும் சட்டையும் மட்டும் இருந்தன. வளையல்களைத் தெருவில் உள்ள சிறுமிகளுக்குக் காலையிலேயே கொடுத்துவிட்டாளாம். பெட்டிக்கு முன்னால் வாழையிலை போட்டிருந்தது. கன்னிக்கு வழக்கமாகச் சர்க்கரைப் பொங்கலும் பழமும்தான் படைப்பார்கள். அக்கா சோறு வைத்து, கத்தரிக்காய்க் கருவாட்டுக் குழம்பை ஊற்றியிருந்தாள். ஓரத்தில் இரண்டு அப்பளம். பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன அத்தை, கன்னிக்குக் கவிச்சியா?” என்று கேட்டாள். அக்கா சூடம் காட்டவில்லை. மணியும் அடிக்கவில்லை. இலைக்கு எதிரே உட்கார்ந்து, ஈ மொய்க்காமல் கையால் ஓட்டிக்கொண்டே இருந்தாள்.

நான் கும்பிடலாமென்று எழுந்தேன். அக்கா திரும்பிப் பார்க்காமல் கையைக் காட்டி என்னை உட்காரச் சொன்னாள்.

“கொஞ்சம் பொறு. அவ தின்னுட்டு எந்திரிக்கட்டும்.”